வாசித்துப் பார்க்கச் சொன்னவர்

அந்த ஆளின் பெயரை எழுத மாட்டேன். பயத்தில் இல்லை. எழுதினால் அவருடைய பிள்ளைகள், "எங்கட டடாவைப் பற்றி எழுதியிருக்கினம்" என்று வெட்டியெடுத்துக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டிவிடுவார்கள். அந்தப் பெருமையை என் கையால் கொடுப்பதாக இல்லை.

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை முழுவதும் அவரைச் சார்ஜன்ட் என்றுதான் சொல்லும். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். 'அவர்' என்று மரியாதையாகவே எழுதுகிறேன். 'அவன்' என்று போட்டால், பார், ஆத்திரத்தில் எழுதுகிறாள் என்பார்கள். ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அது ஒரு சொட்டுக் குறையவில்லை. ஆனாலும் அவரைப் பற்றி இல்லாததை எழுத மாட்டேன். அவர் வாயிலிருந்து ஒரு பொய் வந்து நான் கேட்டதில்லை. அதுதான் அந்த மனிதரின் விசேஷம். என் தம்பியின் வாழ்க்கையை அந்த விசேஷத்தால்தான் நாசமாக்கினார்.

ஆள் மெல்லியவர். முழங்கை வரைக்கும் மடித்த வெள்ளைச் சேட்டு, கழுத்தில் பவுடர், படிய வாரிய தலை. அப்பா நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களவர், அம்மா தமிழ். அதனால் சிங்களம், தமிழ், இங்கிலிஷ் மூன்றும் அவருக்கு வாயிலும் வரும், கையிலும் வரும். எங்களுக்குச் சிங்களம் வாயில் மட்டும்தான் வரும்.

கிழமை நாட்களில் ஆமிக்கு ஆள் சேர்க்கிற மேசையில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிப் பூசை முடிந்து வந்ததும் தன் வீட்டு வாசலிலும் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். ஒழுங்கைச் சனம் ஃபோம்களோடு வரிசையில் நிற்கும். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசில் கொடுக்கிற பட்டியல், அடையாள அட்டை, பாஸ்போர்ட், பென்சன் காகிதம். எல்லாம் சிங்களத்தில். அவர் பேனையைத் திறந்து முத்து முத்தாக நிரப்பிக் கொடுப்பார். சல்லி வாங்க மாட்டார். எங்கள் யார் வீட்டிலும் ஒரு பிளேன்டி கூடக் குடிக்க மாட்டார். நிரப்பி முடித்ததும் காகிதத்தை இடக்கையால் திருப்பி நம் பக்கம் தள்ளுவார். அந்த இடக்கை மட்டும் இலேசாக நடுங்கும்.

"வாசிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்து வையுங்கோ," என்பார், ஒரு சின்னச் சிரிப்போடு. ஒவ்வொருவருக்கும், ஒவ்வொரு தடவையும். ஒருநாளும் அதைச் சொல்லாமல் விட்டதில்லை.

நாங்களும் வாசிப்போம். அட சேசுவே, அந்த வாசிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! அம்மா உதட்டை அசைத்து அசைத்து வாசிப்பா. அப்பா ஹார்பரில் கிளார்க், எல்லாம் இங்கிலிஷில் நடந்த காலத்து ஆள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இரண்டாவது வரியில் கொஞ்சம் நின்று, ஏதோ யோசித்துத் தலையாட்டிவிட்டுத்தான் வைப்பார். மூலை வீட்டு மாமி பின்பக்கத்தையும் திருப்பிப் பார்ப்பா, அங்கே ஒன்றுமே அச்சடித்திருக்காது. நான் விரலை ஓட விடுவேன். பஸ் கொண்டக்டரோடு சிங்களத்தில் சண்டை பிடித்து மிச்சக் காசு வாங்குகிறவள் நான். கடைக்காரர்களே என்னைச் சிங்களத்தி என்று நினைத்து, மிஸ் கம்பஹாவோ என்று கேட்பார்கள். ஆனால் படித்தது முழுக்கத் தமிழில். எழுத்து ஒன்று தெரியாது. வட்டம் வட்டமாக எல்லாம் ஒன்றுபோலவே கிடக்கும். எவ்வளவு நேரம் பார்த்தால் வாசித்த மாதிரி இருக்கும் என்பது மட்டும் எங்கள் எல்லோருக்கும் கணக்காகத் தெரியும்.

தெரியாது என்று சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். நீங்கள் அந்தக் காலத்தில் கொழும்பில் இருக்கவில்லை போல. சண்டை நடந்துகொண்டிருந்தது. சிங்களம் தெரியாத தமிழர் என்றால் நேற்று வடக்கிலிருந்து வந்து இறங்கியவர் என்று அர்த்தம். எப்போது வந்தாய், ஏன் வந்தாய், யார் அனுப்பியது என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர்கள் அந்தத் 'தெரியாது' என்ற சொல்லை வாய்தவறியும் சொல்வதில்லை. இது சார்ஜன்ட்டுக்கு நன்றாகத் தெரியும். அவருக்குத் தெரியாமல் எங்கள் ஒழுங்கையில் ஒரு பூனை குட்டி போட்டதில்லை.

அவர் செய்த நன்மையையும் எழுதத்தான் வேண்டும், எனக்கு விருப்பமில்லாவிட்டாலும். ஒருமுறை பொலிசும் ஆமியும் செய்த சுற்றிவளைப்பில் அப்பாவைக் கொண்டுபோய்விட்டார்கள். அம்மா தலையிலடித்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினா. பாதி முகம் சவரம் செய்தபடி இருந்தவர், மீதியை வழிக்காமலே யூனிஃபோர்மைப் போட்டுக்கொண்டு போனார். பின்னேரம் அப்பாவைத் த்ரீவீலரில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டார். அம்மா அவருக்காக ஒன்பது செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினா.

வரும் வழியில் அவர் அப்பாவிடம் மனம் விட்டுக் கதைத்திருக்கிறார். அப்பா அன்று இரவு சாப்பாட்டில் அதை எங்களுக்குச் சொன்னார்.

"அங்க வடக்கில ரெண்டு வருஷம் நிண்ட மனுசன். கை அப்பத்தான் நடுங்கத் தொடங்கினதாம். 'திரும்ப அனுப்பினா நான் உயிரோட வர மாட்டேன். அங்க போகாமலிருக்க நான் எதுவும் செய்வேன்' எண்டு சொல்லுறார். இந்த மேசையில இருக்கோணுமெண்டா ஆள் சேர்த்துக் காட்டோணுமாம். தமிழ் கதைக்கிற பெடியன் ஒருத்தன் கிடைச்சா நல்ல பேராம்."

"பாவம்," என்றேன். நான்தான் சொன்னேன். அப்போது என் தம்பிக்கு இருபது வயது. அவனும் எதிரே உட்கார்ந்து பருப்புக்கறி ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

தம்பி ஏ.எல். கணிதத்தில் நல்ல ரிசல்ட் எடுத்தவன். பள்ளிக்கூடத்தில் கெடேற். கொப்பி ஓரமெல்லாம் பாலங்கள் கீறி வைத்திருப்பான். ஆமியின் கொலிஜில் படித்துப் பட்டமும் எடுத்து, ஒஃபிசராகவும் வெளியே வரலாம் என்று பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. அதை வெட்டி பேர்சில் வைத்துக்கொண்டு திரிந்தான். ஒரு ஞாயிறு அதை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தபோது அம்மா பேயறைந்த மாதிரி நின்றா.

"ஆரைச் சுடப் போறாய் நீ? சொல்லு பாப்பம், ஆரை?"

"நான் இன்ஜினியர் பக்கம் அம்மா. பாலம் போடப் போறன்."

"பாலம் போட உனக்கு வேற இடமே கிடைக்கேல்லையோ?"

"அப்பாவை இன்னொருக்கா ஆரும் கொண்டு போகக் கூடாது. ஒஃபிசரின்ர வீட்டுக் கதவை ஆரும் தட்ட மாட்டினம்."

அப்பா கை கழுவ எழும்பிப் போனார். நான் தம்பியின் பக்கம் நின்றேன். சரியா பிழையா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. ஒழுங்கைக்குத் தெரிந்தால் பாதிப் பேர் எங்களோடு கதையை விட்டுவிடுவார்கள் என்பது மட்டும் தெரிந்தது. அதனால் வரிசை கலைந்த பிறகு நானும் தம்பியும் சார்ஜன்ட்டிடம் போனோம்.

அன்று அவருடைய கூட்டாளி ஒரு பொலிஸ்காரன் சிவில் உடுப்பில் பக்கத்துக் கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான். சார்ஜன்ட்டின் மனைவி கதவடியில் நின்றா.

"ஒஃபிசராப் போகோணும் அங்கிள். கொலிஜ் வழியா," என்றான் தம்பி.

"நல்லது மகன். உன்னைப் போல படிச்ச பெடியங்கள் வரத்தான் வேணும்."

"அந்த ஃபோம் இங்கிலிஷில இருக்காமே?"

"இருக்கு. என்னட்ட இல்ல. எப்ப வருமெண்டும் எனக்குத் தெரியாது. என்னட்ட இருக்கிறது இதுதான்." லாச்சியைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"இதால போனா கொலிஜுக்குப் போகலாமோ?"

"உள்ளுக்குப் போனாப் பிறகு கொலிஜுக்கு வழி இருக்கு. அப்பிடிப் போனவங்கள் இருக்கிறாங்கள்."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. பிறகு நான் ஒவ்வொன்றாக விசாரித்துப் பார்த்தேன், ஒன்றிலும் பிழை பிடிக்க முடியவில்லை. அவர் தலையைக் குனிந்து நிரப்பத் தொடங்கினார். எனக்கு என்னவோ மனம் கேட்கவில்லை.

"இது ஒஃபிசர் ஃபோம்தானே அங்கிள்?" என்றேன்.

அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காகிதத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "வாசிச்சுப் பாருங்கோ மகள். உங்கட சிங்களத்துக்கு நான் சொல்லித் தர வேணுமே?"

கதவடியில் அவருடைய மனைவி சிரித்தா. பொலிஸ்காரன் பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தான். நான் விரலை ஓட விட்டேன். மேலேயிருந்து கீழே, போதுமான நேரம். தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் வாசிக்கத் தெரியாது, அக்கா வாசிக்கிறா என்று நினைத்தானோ என்னவோ. நான் தலையாட்டினேன். நான் ஆட்டியதால் அவன் கையெழுத்து வைத்தான். அதற்குக் கீழே சாட்சி என்று இருந்த இடத்தில் சார்ஜன்ட் விரலை வைத்துக் காட்டினார். அதில் நான் வைத்தேன்.

அவன் போய் இருபதாம் நாள், மூன்றாம் கிழமை, முகாமுக்குப் பார்க்கப் போனோம். தலையை வழித்து, காது இரண்டும் தள்ளிக்கொண்டு வந்தான் என் தம்பி. அம்மா கொண்டுபோன கட்லட்டைத் தொடவே இல்லை.

"அக்கா, நான் சோல்ஜர். வெறும் சோல்ஜர். பன்னிரண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வைச்சிருக்கிறன்."

"அப்ப கொலிஜ்?"

"கன வருஷம் சேர்விஸ் முடியோணுமாம், பெரியவர் சிபாரிசு செய்யோணுமாம். அதுக்கிடையில எனக்கு வயசு போயிடும்." குரலைத் தாழ்த்தினான். "பயிற்சி முடிய இன்னும் மூண்டு மாசம் இருக்கு. அதுக்குள்ள ஃபோம் விளங்காமல் வைச்சதெண்டு காட்டினா விடுவாங்களாம். முடிஞ்சுதெண்டா வடக்குத்தான். ஏதாவது செய் அக்கா."

பஸ்ஸால் இறங்கி நேரே சார்ஜன்ட்டின் வீட்டுக்குப் போனேன். வாயில் வந்ததெல்லாம் கேட்டேன். அவர் எழுந்து எனக்குக் கதிரை போட்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தும்வரைக்கும் பொறுமையாக இருந்தார்.

"நான் பொய் சொன்னேனா மகள்?"

"நீங்கள் சொல்லேல்ல! சொல்லாமல் விட்டீங்கள்!"

"நான் வாசிக்கச் சொன்னேன். நீங்க விரல் ஓட்டிப் பாத்துத் தலையாட்டினீங்க. நீங்கதான் சாட்சி." கோபமே இல்லாமல் சொன்னார். கோவிலில் பிரசங்கம் கேட்டுவிட்டு வந்தவர் மாதிரி அமைதியாகச் சொன்னார். அந்த மேசையை அப்போதே தூக்கிக் கவிழ்க்காமல் வந்ததை நினைத்து இன்றைக்கும் கவலைப்படுகிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்குப் போனேன். சனநெரிசலில் முழங்காலில் நின்று அந்தோனியாரிடம் இரண்டு கேட்டேன். இந்த ஆளை வடக்குக்கு அனுப்பு என்றேன். தம்பியை விடுவித்துத் தா என்றேன். அதே வரிசையில்தான் கேட்டேன்.

நான் அப்போது கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் ஏஜன்சியில் டைப்பிஸ்ட். பக்கத்து மேசையில் ஒரு சிங்களப் பிள்ளை, என் வயதுதான். அவளிடம் சொன்னேன்: எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. பிறந்ததிலிருந்து அதை நான் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் சிரிக்கவில்லை. மறுநாள் தன் அக்கா மகனின் முதலாம் வகுப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் அதுதான். பஸ் போர்ட், மருந்துப் போத்தல், நெருப்புப்பெட்டி, சுவரில் ஒட்டிய மரண அறிவித்தல், கண்ணில் பட்டதையெல்லாம் எழுத்துக்கூட்டினேன். அலுப்பு வரும்போது சார்ஜன்ட்டின் முகத்தை நினைப்பேன், அலுப்பு ஓடிவிடும். ஆறு கிழமையில் சிங்களப் பேப்பரைத் தலைப்பிலிருந்து அடி வரைக்கும் வாசிக்கிறவளாகிவிட்டேன். அவ்வளவு வேகமாக நான் வாழ்க்கையில் வேறொன்றும் படித்ததில்லை.

அதற்கிடையில் தம்பி யாரையோ பிடித்து ஃபோமின் பிரதி ஒன்றை எடுத்துத் தந்தான். அவளும் நானும் அதை வரிவரியாக வாசித்தோம். கடைசி வரியில் இப்படி இருந்தது: 'மேலே உள்ளவற்றை விண்ணப்பகாரருக்கு விளங்கும் மொழியில் வாசித்து விளக்கினேன்.' அதற்கு நேரே சார்ஜன்ட்டின் கையெழுத்து, முத்து முத்தாக.

பிடிச்சேன் ஆளை! வாயால் பொய் சொல்லாத மனிதர் கையால் சொல்லியிருக்கிறார். நான் சிரித்த சிரிப்பில் மனேஜர் அறையை விட்டு எட்டிப் பார்த்தார்.

"இதை வைத்து முறைப்பாடு கொடு," என்றாள் அவள். "ஆனால் உனக்கு அன்றைக்கு வாசிக்கத் தெரியாது என்பதுதான் உன் ஆதாரம். அதை மட்டும் சொல்லு. அங்கே போய் நீ வாசித்துக் காட்டிவிடாதே, விளங்குதா?"

விளங்கியது. ஒரு முட்டாளுக்கும் விளங்கும்.

ஜிந்துப்பிட்டியில் இன்னும் இரண்டு பெடியன்களை அவர் இதே மாதிரிச் சேர்த்திருந்தார். அவர்களின் தாய்மாரைத் தேடிப் போனேன், சேர்ந்து கையெழுத்து வைப்போம் என்று. ஒருத்தி கதவைப் பாதி திறந்தபடியே கேட்டா:

"எங்களுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாதெண்டு எழுதித் தரச் சொல்லுறியோ? உனக்கென்ன விசரோ? நாளைக்குப் பொலிஸ் வந்து எப்ப வந்து இறங்கினனீங்கள் எண்டு கேட்டா நீயோ வந்து பதில் சொல்லப் போறாய்?"

மற்றவ கதவே திறக்கவில்லை. நான் தனியாக, இங்கிலிஷில் டைப் அடித்து அனுப்பினேன். பயிற்சி முடிய இரண்டு கிழமை இருக்கும்போது விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

விசாரித்த ஒஃபிசர் நல்ல மனிதர். கண்ணாடி போட்டவர், தணிந்த குரல். என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னார். தம்பி சுவரோரம் விறைப்பாக நின்றான். சார்ஜன்ட் மேசைக்கு மறுபக்கம் நின்றார். எல்லாம் சிங்களத்தில் நடந்தது.

"மிஸ் நன்றாகச் சிங்களம் கதைக்கிறீங்களே."

"கதைப்பேன் சேர். கையெழுத்து வைத்த அன்றைக்கு எனக்கு வாசிக்கத் தெரியாது. தம்பிக்கும் தெரியாது. ஒருவரும் எங்களுக்கு விளக்கவில்லை."

அவர் தலையாட்டி எழுதினார். "இப்படி எனக்கு இதுக்கு முதலும் வந்திருக்கு," என்றார். பேனையை மூடினார். தம்பியைப் பார்த்தார், அவனை விட்டுவிடப் போகிறார் என்று எனக்கு வடிவாகத் தெரிந்தது. இன்னும் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடம் நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால் போதும்.

"சார்ஜன்ட், நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?"

"வாசிச்சுப் பார்க்கச் சொன்னேன் சேர். விரல் ஓட்டிப் பாத்தா. பாத்தாப் பிறகு ஒரு கேள்வி கேக்கேல்ல. வேணுமெண்டா இப்பவும் குடுத்துப் பாருங்கோ." சொல்லிவிட்டு மேசையிலிருந்த ஃபோமை இடக்கையால் திருப்பி என் பக்கம் தள்ளினார். அந்த ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு. எங்கள் ஒழுங்கை முழுவதையும் அத்தனை வருடம் பார்த்துச் சிரித்த சிரிப்பு.

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. ஃபோமைப் பறித்து எடுத்தேன். வாசித்தேன். கோவிலில் நிருபம் வாசிக்கிற மாதிரி, உரத்த குரலில், முதல் எழுத்திலிருந்து ஒரு இடத்திலும் தட்டாமல் வாசித்தேன். பதவி: சாதாரண படைவீரர். காலம்: பன்னிரண்டு வருடம். கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு அவர் முகத்துக்கு நேரே காகிதத்தைப் பிடித்து, "எப்போது விளக்கினீங்கள் அங்கிள்? எந்த மொழியில?" என்றேன்.

ஒஃபிசர் என் கையிலிருந்து ஃபோமை வாங்கிக் கடைசி வரியைப் பார்த்தார்.

"சார்ஜன்ட், விளக்கினீங்களா?" என்றார் ஒஃபிசர்.

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு எதிராகச் சொல்ல என்னையும் தம்பியையும் விட வேறு சாட்சி இல்லை. ஆனால் அந்த மனிதருக்கு அது வரவில்லை. "இல்லை சேர்," என்றார். முகம் அப்படியே வெளிறிப்போனது. இடக்கையோடு வலக்கையும் நடுங்கத் தொடங்கியது. ஐயோ, எனக்கு வந்த சந்தோஷம்! கலியாணத்தன்று கூட அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

ஒஃபிசர் ஏதோ எழுதினார். "உங்களுக்கு இனி அந்த மேசை இல்லை," என்றார் அவரிடம். பிறகு என் பக்கம் திரும்பிக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸ் நன்றாக வாசிக்கிறீங்கள். எங்கட பெடியங்கள் கூட இப்படி வாசிக்க மாட்டாங்கள்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சேர், நான் பிறகுதான் படிச்சது. இப்ப. ஆறு கிழமையில."

"ஆறு கிழமையில ஒருத்தரும் இப்படி வாசிக்க மாட்டாங்கள் மிஸ்."

முதலாம் வகுப்புப் புத்தகத்தைச் சொன்னேன். பக்கத்து மேசைப் பிள்ளையைச் சொன்னேன், கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நம்பவில்லை. நான் அவருடைய இடத்தில் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

"விளக்காமல் விட்டது சார்ஜன்ட்டின் பிழை. அதுக்கு அவர் அனுபவிப்பார். ஆனால் சாட்சி வாசிக்கத் தெரிஞ்ச ஆள். அக்கா வாசிச்சு, சரியெண்டு சாட்சி வைச்சிருக்கிறா. இந்த ஒப்பந்தத்தை நான் பிழையெண்டு எழுத ஏலாது."

வெட்கத்தை விட்டு சார்ஜன்ட்டிடம் திரும்பினேன். அவரை அங்கிள் என்று கூப்பிட்டுக் கெஞ்சினேன். "நீங்கள் சொல்லுங்கோ! அண்டைக்கு எனக்கு வாசிக்கத் தெரியாதெண்டு உங்களுக்குத் தெரியும்தானே!"

ஒஃபிசரும் அவரைப் பார்த்தார். தம்பியும் முதல் தடவையாகத் தலையைத் திருப்பிப் பார்த்தான். சார்ஜன்ட் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"தெரியாமலிருக்கும் எண்டு நான் நினைச்சது உண்டு சேர். ஆனா தெரியாதெண்டு அவ ஒருநாளும் என்னட்டச் சொன்னதில்ல."

அதுவும் உண்மைதான்.

அந்த மாதமே அவரை வடக்குக்கு அனுப்பினார்கள். காலையில் பையைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் போனபோது, அவருடைய மனைவி பின்னால் அழுதுகொண்டு வந்தா. நான் வேண்டுமென்றே வாசலில் நின்று சீப்பால் தலை இழுத்தேன். என்னைப் பார்த்து, "போயிட்டு வாறன் மகள்," என்றார். நான் சீப்பிலிருந்த மயிரைச் சுருட்டி அவருக்கு முன்னால் போட்டேன். இரண்டு வருடத்தில் உயிரோடு திரும்பி வந்தார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். பிறகு வீட்டை விற்றுவிட்டு நீர்கொழும்புப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். அவர் போன பிறகு ஒழுங்கைச் சனம் ஃபோம்களை என்னிடம் கொண்டுவந்தது. நான் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லி விளங்கப்படுத்திவிட்டுத்தான் ஒருவரைக் கையெழுத்து வைக்க விடுவேன். மூலை வீட்டு மாமிக்கு அலுப்பு வந்து, "சார்ஜன்ட்டெண்டா இந்நேரம் நாலு பேரை அனுப்பியிருப்பார்," என்று முணுமுணுப்பா.

தம்பி பன்னிரண்டு வருடமும் இருந்தான். கொலிஜ் வாசலைக் கண்ணாலும் காணவில்லை. ஒரு காது கேட்காமல் வந்தான். அப்பா அதைப் பார்க்க இருக்கவில்லை. இப்போது வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டின் கேற்றடியில், வருகிறவர்களின் பெயரைப் புத்தகத்தில் பதிகிறான். கிறிஸ்மசுக்கு வீட்டுக்கு வருவான், பிள்ளைகளோடு விளையாடுவான். அந்த விசாரணையைப் பற்றி ஒரு வார்த்தை கதைப்பதில்லை. அவன் அதைப் பற்றிக் கேட்டதெல்லாம் அன்றைக்கே கேட்டான்.

அறையை விட்டு வெளியே வந்ததும் ஐந்து நிமிடம் அவனோடு கதைக்க விட்டார்கள். விறாந்தையில் நின்றோம். சார்ஜன்ட்டும் அதே வாசலால் வந்து, முற்றத்தில் இறங்கித் தொப்பியைப் போடப் பார்த்தார். கை நடுங்கியதில் தொப்பி கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார். திரும்பவும் விழுந்தது.

"அக்கா, ஒண்டு கேக்கட்டே?" என்றான் தம்பி. "நீ இண்டைக்கு எனக்காக வந்தனியோ, அந்தாளுக்காக வந்தனியோ?"

"என்ன விசர்க் கேள்வி இது? உனக்காகத்தான்ரா."

"அப்ப ஏனக்கா இன்னும் அந்தாளையே பாத்துக்கொண்டு நிக்கிறாய்?" என்றான்.